கல்தச்சர் எப்படி ஆர்க்கிடெக்ட் ஆனார்? யார்க் நகரின் ஜான் கார்

இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு பழைய மாளிகையைச் சுற்றிப் பார்க்கப் போனால், "இது ஜான் கார் கட்டியது" என்று யாராவது சொல்லக் கேட்கலாம். (கார் என்பது குடும்பப் பெயர், வண்டியோடு சம்பந்தம் இல்லை.) 'கட்டியது' என்றால் என்ன? படம் வரைந்தாரா? கல்லைச் செதுக்கினாரா? ஆள் வைத்து வேலை வாங்கிப் பில் போட்டாரா? இன்றைக்கு இந்த மூன்று வேலைக்கும் மூன்று பேர் இருப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில், அதுவும் லண்டனை விட்டுத் தள்ளி வந்துவிட்டால், பெரும்பாலும் மூன்றையும் செய்தவர் ஒரே ஆள்தான். அப்படிப்பட்ட ஒருவர் எப்படி உருவானார், எப்படிச் சம்பாதித்தார், எந்த இடத்தில் உளியைக் கீழே வைத்துவிட்டு முழுநேரமும் வரையத் தொடங்கினார் என்பதைக் காரின் வாழ்க்கையை வைத்தே பார்த்துவிடலாம்.

முதலில் காலத்தைச் சொல்லிவிடுகிறேன். 1714 முதல் 1830 வரை பிரிட்டனை ஆண்ட நான்கு மன்னர்களுக்கும் ஜார்ஜ் என்றே பெயர். அதனால் அது ஜார்ஜியக் காலம். அப்போது ஆர்க்கிடெக்ட் ஆக எந்தப் பரீட்சையும் இல்லை, கல்லூரியும் இல்லை, லைசென்ஸும் இல்லை. பிரிட்டிஷ் ஆர்க்கிடெக்டுகளுக்கான சங்கமே 1834-இல்தான் லண்டனில் தொடங்கியது. பதிவு செய்யாதவர் அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்ளக் கூடாது என்று சட்டம் வந்தது 1930-களில். அதற்கு முன்னால், நான் ஆர்க்கிடெக்ட் என்று ஒருவர் சொல்லிக்கொள்ளலாம். நம்பி வேலை கொடுக்க நாலு பேர் இருந்தால் அவர் ஆர்க்கிடெக்ட்தான்.

அந்த நம்பிக்கையைப் பெற மூன்று வழிகள் இருந்தன. ஒன்று, பணக்காரப் பிரபுவாகப் பிறந்து, இத்தாலிக்குப் போய்ப் பழைய கட்டடங்களைப் பார்த்துவிட்டு வந்து, பொழுதுபோக்காக வரைவது. இரண்டு, லண்டனில் பெரிய ஆர்க்கிடெக்ட் ஒருவரின் அலுவலகத்திலோ அரசின் கட்டட அலுவலகத்திலோ பயில்வது. மூன்றாவது வழி கீழேயிருந்து, அதாவது கல்வேலையிலிருந்தோ மரவேலையிலிருந்தோ, படிப்படியாக ஏறி வருவது. கார் வந்தது இந்த மூன்றாவது வழியில்.

கார் 1723-இல் யார்க்ஷயரில் வேக்ஃபீல்டு நகருக்குப் பக்கத்திலுள்ள ஹார்பரி என்ற ஊரில் பிறந்தார். அப்பா ராபர்ட் கார் கல்வேலை செய்பவர். கொத்தனார் என்று சொன்னால் நம் கண்முன் செங்கல்லும் கரண்டியும் வந்து நிற்கும். இவர் தொழில் அதைவிடக் கல்தச்சருக்கு நெருக்கமானது. ஆனால் வெறும் உளிப்பிடிப்பவரும் இல்லை. சொந்தக் கல்குவாரி வைத்திருந்தார், ஆட்களை வைத்து வேலை வாங்கினார், கான்ட்ராக்ட் எடுத்தார். மேஸ்திரி, கான்ட்ராக்டர், கல் வியாபாரி மூவரையும் ஒன்றாகப் போட்டுக் கலக்கினால் என்ன வருமோ அது. ஜான் அவருக்கு மூத்த பிள்ளை. தொழிலை அப்பாவிடமே கற்றார்.

என்ன கற்றார் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மணற்கல்லும் சுண்ணக்கல்லும் பூமிக்குள் அடுக்கடுக்காகப் படிந்து உருவானவை. குவாரியில் எப்படிப் படுத்திருந்ததோ, அதே வாக்கில் கல்லைச் சுவரில் வைக்க வேண்டும். படுக்கையைத் திருப்பி நிறுத்தி வைத்தால், சில வருட மழையிலும் உறைபனியிலும் முகம் ஏடு ஏடாக உரிந்து விழும். எந்தக் குவாரியின் எந்த அடுக்கு நல்லது, வெட்டியெடுத்த கல்லை எவ்வளவு நாள் காயப் போட வேண்டும், எவ்வளவு சேதாரம் போகும், ஒரு வண்டி கல்லை ஐந்து மைல் இழுத்துக் கொண்டுவர என்ன செலவாகும் என்பதெல்லாம் எந்த வரைபடத்திலும் இருக்காது. கல் கனமான சரக்கு. அப்போது ரயில் கிடையாது. பெரும்பாலும் பக்கத்துக் குவாரியின் கல்லைக் கொண்டுதான் கட்டியாக வேண்டும். ஆகவே உள்ளூர்க் கல்லை அறிந்தவரின் கை ஓங்கியிருந்தது.

லண்டன் தூரமாக இருந்ததும் உதவியது. 1706-இல் யார்க்கிலிருந்து லண்டனுக்குக் குதிரைவண்டிச் சேவை ஒன்றை விளம்பரம் செய்தபோது, கடவுள் அனுமதித்தால் நாலு நாளில் கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்று போட்டிருந்தார்கள். நாலு நாள் தொலைவில் இருக்கும் ஆர்க்கிடெக்டை அழைத்து, அஸ்திவாரத்தில் தண்ணீர் ஊறுகிறது, வந்து பாருங்கள் என்று சொல்ல முடியுமா?

கல் தெரிந்தால் போதுமா? ரசனையும் வேண்டுமே. அந்தக் காலத்துப் பிரபுக்களுக்குப் பிடித்த பாணிக்கு மூலம், 16-ஆம் நூற்றாண்டு இத்தாலியரான பல்லாடியோ. நடுவில் ஒரு பெரிய கட்டடம், அதன் முகப்பில் தூண்களும் முக்கோண முகடும், இருபுறமும் சமமாக இறக்கைகள், எல்லா அளவும் கணக்கான விகிதத்தில். அவர் 1570-இல் வெளியிட்ட கட்டடக்கலை நூல் 18-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தில் கிடைத்தது. அதைப் பின்பற்றி அளவுகளோடு தூண், கதவு, ஜன்னல் தொடங்கி அறையில் குளிர்காயும் கணப்படுப்பின் முகப்பு வரை படம் போட்ட மாதிரிப் புத்தகங்கள் நிறைய வந்தன. இத்தாலியை எட்டிப் பார்க்காத கல்தச்சர்கூட அதைத் திறந்து வைத்துக்கொண்டு, ரோமானியத் தூணின் விட்டத்துக்கு உயரம் எத்தனை மடங்கு என்று பார்த்துச் செதுக்கிவிடலாம்.

புத்தகத்தைவிடப் பெரிய பள்ளிக்கூடமும் காருக்கு வாய்த்தது. 1740-களின் பிற்பகுதியில் யார்க்குக்குப் பக்கத்தில் கிர்பி ஹால் என்ற மாளிகை எழுந்தது. அதன் வடிவமைப்பு பர்லிங்டன் பிரபுவுடையதும் ரோஜர் மாரிஸுடையதும். பர்லிங்டன்தான் பல்லாடியோ பாணியை இங்கிலாந்தின் மேட்டுக்குடியில் பரப்பியவர். அவர்கள் வரைந்ததை மண்ணில் எழுப்பிக் காட்டும் பொறுப்பு இருபத்து நாலு, இருபத்தைந்து வயது காருக்கு வந்தது. நாட்டின் முதல்தர ரசனைக்காரர் போட்ட கோட்டை ஒவ்வொரு கல்லாக மொழிபெயர்ப்பதைவிட நல்ல பாடம் ஏது? அந்த மாளிகை இப்போது இல்லை. பாடம் மட்டும் காருடைய எல்லா வீடுகளிலும் தெரிகிறது.

அப்புறம் ஒரு குதிரைப் பந்தயம் வந்து அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது. யார்க்கின் நேவ்ஸ்மயர் மைதானத்தில் பார்வையாளர் மாடம் கட்ட 1754-இல் வடிவமைப்புப் போட்டி நடந்தது. போட்டியிட்டவர்களில் ஜேம்ஸ் பெயின் என்ற அனுபவசாலியும் இருந்தார். ஜெயித்தது கார். பணம் போட்டவர்கள் யார்க்ஷயரின் பிரபுக்களும் நிலக்கிழார்களும். மேல்மாடத்தில் நின்று குதிரைகளைப் பார்த்தவர்களும் அவர்களே. நாளைக்கு வீடு கட்டப் போகிற அத்தனை பேரும் காரின் வேலைமீது ஏறி நின்று பந்தயம் பார்த்தார்கள். இதைவிட நல்ல விளம்பரப் பலகையை எந்தக் கான்ட்ராக்டரும் வைத்ததில்லை.

பாலங்கள்

அவருடைய தொழில் வாழ்க்கையின் முதுகெலும்பு என்று நான் நினைப்பது மாளிகைகளை அல்ல. பாலங்களை. சுற்றுலாப் புத்தகங்கள் இதைப் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகின்றன.

யார்க்ஷயர் பெரிய மாவட்டம். மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றையும் 'ரைடிங்' என்று அழைத்தார்கள். அந்தச் சொல்லுக்கே மூன்றில் ஒரு பங்கு என்றுதான் பொருள். குதிரையேற்றத்தோடு தொடர்பு இல்லை. 1530-இல் வந்த ஒரு சட்டப்படி, வேறு யார் பொறுப்பு என்று காட்ட முடியாத பாலங்களை மாவட்டமே பழுதுபார்க்க வேண்டும். பாலத்தின் இரு முனையிலும் 300 அடிச் சாலையையும் சேர்த்து. இந்தப் பொறுப்பைச் சுமந்தவர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூடிய மாஜிஸ்திரேட்டுகள். இவர்கள் சம்பளம் வாங்கும் நீதிபதிகள் கிடையாது. அந்தந்த ஊரின் நிலக்கிழார்கள். பாலத்தைப் பார்த்து, எஸ்டிமேட் போட்டு, வேலை சரியாக நடந்ததா என்று சொல்ல அவர்களுக்கு ஒரு சர்வேயர் தேவைப்பட்டார்.

காரின் அப்பா வெஸ்ட் ரைடிங்கில் அந்த வேலையைப் பார்த்தார். அவர் 1760-இல் இறந்த பிறகு பொறுப்பு மகனுக்கு வந்தது. 1771 நவம்பரில் வட இங்கிலாந்தில் பெருவெள்ளம். நியூகாசிலின் பழைய டைன் பாலம் உட்பட எத்தனையோ பாலங்கள் போயின. அடுத்த ஆண்டு, 1772-இல், நார்த் ரைடிங் காரைப் பாலச் சர்வேயராக அமர்த்தியது. 1803 வரை, அதாவது 80 வயது வரை, அந்த வேலையில் இருந்தார். இடிந்ததைத் திரும்பக் கட்டியதும், குறுகலானதை அகலப்படுத்தியதுமாக, இன்றும் வண்டி ஓடும் பல பாலங்களில் அவர் கை இருக்கிறது. 1773-இல் அவர் வடிவமைத்த கிரீட்டா பாலம் ஒரே வளைவில் ஆற்றைத் தாண்டும். பிற்பாடு ஜான் செல் காட்மன் என்ற ஓவியர் அதை நீர்வண்ணத்தில் தீட்டினார். அந்தப் படம் பாலத்தைவிடப் பிரபலமாகிவிட்டது.

கல்வளைவு எப்படி நிற்கிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கலாம். முதலில் ஆற்றின் குறுக்கே மரத்தால் ஒரு வளைந்த சாரம் அமைப்பார்கள். அதன்மேல் இரு பக்கத்திலிருந்தும் ஆப்பு வடிவக் கற்களை அடுக்கிக்கொண்டே வந்து உச்சியில் கடைசிக் கல்லைச் செருகுவார்கள். சுண்ணாம்புக் காரை இறுகியதும் மரச்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்குவார்கள். ஒவ்வொரு கல்லும் கீழே விழப் பார்க்கும். பக்கத்துக் கல் விடாது. அந்த நெருக்கல்தான் பாலத்தைத் தாங்குகிறது. சாரம் இறங்கும் அந்த நேரத்தில் மேஸ்திரியின் வயிறு எப்படிக் கலங்கியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கலங்கியதற்கு நியாயமும் உண்டு. வேல்ஸில் வில்லியம் எட்வர்ட்ஸ் என்ற இன்னொரு கல்வேலைக்காரர், பிரசங்கியும் விவசாயியும்கூட. பொண்டிப்ரித் என்ற இடத்தில் பாலம் கட்ட 1746-இல் ஒப்பந்தம் எடுத்தார். ஏழு வருடம் நிற்கும் என்று உத்தரவாதமும் கொடுத்தார். முதல் பாலத்தை வெள்ளம் கொண்டுபோனது. மறுபடி கட்டினார், அதுவும் போனது. மூன்றாவது முறை வளைவின் இரண்டு தோள்களும் அதிக கனமாகி அழுத்த, லேசாக இருந்த உச்சி மேல்நோக்கிப் பிதுங்கிச் சரிந்தது. நான்காவது முறை ஒவ்வொரு தோளிலும் மூன்று பெரிய வட்டத் துளைகளை விட்டுக் கனத்தைக் குறைத்தார். 1756-இல் அது நின்றது. 140 அடி அகலத்தை ஒரே வளைவில் தாண்டிய அந்தப் பாலம் இன்றும் இருக்கிறது. உத்தரவாதம் கொடுத்தவர் விழுந்ததையெல்லாம் தன் தலையில்தான் போட்டுக்கொள்ள வேண்டும்.

கார் பெற்ற பாலச் சர்வேயர் பதவியின் அருமை இங்கேதான் புரியும். வடிவமைப்பும் மேற்பார்வையும் அவருடையது. ஆற்றோடு மல்லுக்கட்டிக் கட்டித் தரும் ஒப்பந்தம் வேறு ஒருவருடையது. வருமானம் நிலையானது. அதைவிட முக்கியம், ஒவ்வொரு கூட்டத்திலும் அவர் எதிரே உட்கார்ந்திருந்தது மாவட்டத்தின் நிலக்கிழார் கூட்டம். அவருடைய எஸ்டிமேட் தாண்டுவதில்லை, கட்டியது விழுவதில்லை என்பதை அவர்கள் பாலத்தில் பார்த்துவிட்டு, அதே ஆளை மாளிகைக்குக் கூப்பிட்டார்கள்.

பணம் எப்படி வந்தது

அன்றைய கட்டடக் கணக்கு மூன்று வகை. தினக்கூலி முதல் வகை. செய்த வேலையை அடிக்கணக்கில் அளந்து, பேசிய ரேட்டுக்குக் காசு கொடுப்பது இரண்டாவது. மொத்தமாக ஒரு தொகை பேசி முடித்துக் கொடுப்பது மூன்றாவது. வீடு கட்டியிருப்பவர்களுக்கு இதில் எதையும் விளக்க வேண்டியதில்லை. இருநூற்றைம்பது வருடத்தில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

மொத்தத் தொகைக்குக் கட்டித் தருவதில் பெயர் எடுத்தவர், காருக்கு ஒரு தலைமுறை முந்திய வார்விக் நகரின் பிரான்சிஸ் ஸ்மித். அவரும் கல்தச்சர், மத்திய இங்கிலாந்தில் ஏராளமான மாளிகைகள் கட்டியவர். அவர் கடைசிவரை கட்டித்தரும் ஆளாகவே இருந்தார். வடிவமைப்பு அந்த வியாபாரத்தோடு வந்த இலவச இணைப்பு மாதிரி. காரின் காலத்தில் காற்று மாறியது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஐந்து வாங்கிக்கொண்டு, வரைந்து, மேற்பார்வையிட்டு, ஒப்பந்தக்காரரின் பில்லைச் சரிபார்க்கும் ஆள் என்று ஒரு தனித் தொழில் உருவானது. கல் விற்பதில் இவருக்கு லாபம் இல்லை என்பதால், கல் எவ்வளவு போனது என்று இவர் சொல்வதை வீட்டுக்காரர் நம்பலாம். (செலவு ஏற ஏற இவருடைய ஐந்தும் ஏறுமே என்று கேட்டால், அது நல்ல கேள்விதான். அன்றும் கேட்டார்கள்.) 1834-இல் உருவான சங்கம், கட்டட ஒப்பந்தத்தில் லாபப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு இடமில்லை என்று விதியே போட்டது. அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில் பிறந்து, மறு பக்கத்தில் முடிந்தது காரின் வாழ்க்கை.

பெரிய வேலைகளில் முதன்மையானது லீட்ஸுக்கு வடக்கே உள்ள ஹேர்வுட் ஹவுஸ். 1759-இல் அடிக்கல் நாட்டி 1771-இல் குடிபுகுந்தார்கள். கட்டுவித்தவர் எட்வின் லாசெல்ஸ். அவர் குடும்பத்தின் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்பிலிருந்து, அதாவது அடிமைகளின் உழைப்பிலிருந்து வந்தது. அந்த மாளிகையைப் பற்றிப் பேசும்போது இதை விட்டுவிட்டுப் பேசக் கூடாது. காரின் வரைபடம் தயாரான நேரத்தில், இத்தாலியிலிருந்து திரும்பி வந்திருந்த ராபர்ட் ஆடம் என்ற இளைஞரிடமும் லாசெல்ஸ் அதைக் காட்டினார். ஆடம் அரைவட்ட முற்றங்களையும் தூண்களையும் சேர்த்துப் பார்த்தார். லாசெல்ஸ் அவற்றில் பெரும்பாலானதை வேண்டாம் என்று தள்ளிவிட்டார். கடைசியில் கட்டடம் காருடையது, உள் அலங்காரம் ஆடமுடையது என்று பிரிந்தது. பார்வையாளர்கள் இன்று வாய்பிளந்து நிற்பது ஆடமின் கூரைகளைப் பார்த்துத்தான். கூரை ஒழுகாமல் நிற்கிறதே, அது காரின் கணக்கு. உள்ளூர்க்காரர்களின் புகழ் எப்போதும் இப்படித்தான் பங்கு போடப்பட்டது என்பது கொஞ்சம் எரிச்சலான விஷயம்.

அவர் பாணி எப்படி? நேர்மையாகச் சொன்னால், புதுமையில் அவர் முதல்வரிசைக்காரர் இல்லை. முகப்புகள் அமைதியானவை, அளவானவை. சில சமயம் சலிப்பூட்டும் அளவுக்கு அளவானவை. மூன்று பக்கமாக வெளியே தள்ளி நிற்கும் ஜன்னல் பகுதி அவருக்குப் பிடித்தது. அறைக்குள் வெளிச்சம் சுற்றிச் சுற்றி வரும். வீட்டின் உள்ளே ஆட்கள் எப்படி நடமாடுவார்கள் என்பதை நன்றாக யோசித்தவர். படிக்கட்டுகள் அருமை.

1750-களில் யார்க்கில் குடியேறி வேரூன்றியவர், 1770-இலும் 1785-இலும் அந்நகரின் மேயராகவே ஆகிவிட்டார். நகரில் நீதிமன்றம், மனநல மருத்துவமனை, பெண்கள் சிறை எல்லாம் அவர் வேலை. அந்தச் சிறைதான் இன்றைய யார்க் கோட்டை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. தெற்கே பெர்க்ஷயரில் அவர் கட்டிய பாசில்டன் பார்க், வங்காளத்தில் கிழக்கிந்தியக் கம்பெனி வேலையில் பணம் சேர்த்துத் திரும்பிய பிரான்சிஸ் சைக்ஸுக்காக. அவரும் யார்க்ஷயர்க்காரர், ஊர்ப்பாசம் வேலை வாங்கித் தந்தது. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஒயின் வியாபாரம் செய்த ஆங்கிலேயர்கள் வழியாக, அங்கே சாந்தோ அந்தோனியோ மருத்துவமனைக்கான வரைபடம் 1769-இல் அவரிடமிருந்து போனது. பிரம்மாண்டமான திட்டம், முழுசாக முடியவே இல்லை. முடிந்த பகுதியில் இன்றும் மருத்துவமனை நடக்கிறது.

பக்ஸ்டன் என்ற வெந்நீர் ஊற்று ஊரில் 1780 முதல் 1789 வரை கட்டிய பிறைவடிவக் கட்டடம்தான் எனக்குப் பிடித்தது. டெவன்ஷயரின் ஐந்தாம் கோமகன், வெந்நீர் ஊற்றுக்குப் பேர்போன பாத் நகருக்குப் போட்டியாகத் தன் ஊரைக் கொண்டுவர ஆசைப்பட்டார். பணம் எக்டன் செப்புச் சுரங்கத்திலிருந்து வந்தது. விடுதிகள், நடன மண்டபம் எல்லாவற்றையும் ஒரே வளைவான முகப்புக்குப் பின்னால் வைத்து, கீழே மழை நனையாமல் நடக்க வளைவு வளைவாகத் தாழ்வாரம் ஓடவிட்டார் கார். அதைப் பார்க்கும்போது, பாலம் கட்டியவர் கை தெரிகிறது.

சறுக்கலும் உண்டு. ராக்கிங்ஹாம் பிரபுவுக்காக ரோதரம் பக்கத்தில் அவர் எழுப்பிய கெப்பல் தூண் 115 அடி உயரம். தூண் கீழிருந்து மேல்வரை நேர்கோடாக இருந்தால் கண்ணுக்கு நடுவில் ஒடுங்கியதுபோலத் தெரியும் என்பதால், லேசாக நடுவில் பருக்க வைப்பது பழைய கிரேக்க உத்தி. இந்தத் தூணுக்கு முதலில் திட்டமிட்ட உயரம் இன்னும் அதிகம். பருமன் அதற்கான கணக்கு. பாதி வேலையில் உயரத்தைக் குறைத்துவிட்டார்கள். பருமன் அப்படியே நின்றுவிட்டது. இன்று பார்த்தால் தூண் மதியச் சாப்பாடு கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டவர்போல வயிறு தள்ளி நிற்கிறது.

முதுமையில் ஃபெரிபிரிட்ஜ் என்ற இடத்தில் ஏர் ஆற்றின்மேல் அவர் வடிவமைத்த பாலத்தை பெர்னார்ட் ஹார்ட்லி என்பவர் கட்டினார். பெர்னார்டின் மகன் ஜெஸ்ஸி அதே கல்வேலையில் வளர்ந்து, பிற்பாடு லிவர்பூல் துறைமுகத்தில் ஆல்பர்ட் டாக் என்ற கப்பல்துறையை எழுப்பினார். அந்தத் தலைமுறையில் அவர்களுக்கு ஆர்க்கிடெக்ட் என்று பெயரில்லை. இன்ஜினியர் என்று பெயர். தொழில் மறுபடி இரண்டாகப் பிரிந்துவிட்டது.

பிள்ளைகள் இல்லாத கார், பிறந்த ஊரான ஹார்பரியில் 1790-களில் ஒரு தேவாலயம் கட்டினார். வடிவமைப்பு அவருடையது, ஏறத்தாழ 8,000 பவுண்டு செலவும் அவருடையதே. வாழ்நாள் முழுக்க அடுத்தவர் பணத்தில் கட்டியவருக்கு, குறுக்கே யாரும் வந்து இந்தத் தூணைக் கொஞ்சம் மாற்றுங்களேன் என்று சொல்ல முடியாத ஒரே வேலை அதுவாகத்தான் இருந்திருக்கும். 1807 பிப்ரவரியில், 83 வயதில் இறந்தார். அந்தத் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.